களியாட்டும் நோன்பும்: பேராக் தோட்டப்புறங்களில் காமன் பண்டிகையும் கார்னிவல் மரபும்

முன்னுரை

கிறித்தவ வழிபாட்டு ஆண்டில் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்னர் வரும் நாற்பது நாள் நோன்பினைத் தவக்காலம் என்பர். அந்நோன்பு தொடங்குவதற்கு முந்திய சில நாள்களைக் களியாட்டுக்கென ஒதுக்கிக் கொண்டாடும் வழக்கம் ஐரோப்பாவில் உருவாகி, உலகின் பல பகுதிகளுக்கும் பரவியது. கார்னிவல் என அறியப்படும் அவ்விழா முடிவுறும் பிறைநாள்களை ஒட்டியே பல ஆண்டுகளில் தமிழகச் சிற்றூர்களிலும் இலங்கை மலையகத்திலும் காமன் ஊன்றப்படுகிறது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் அவ்வாறே ஊன்றப்பட்டது.

பேராக் மாநிலத்தைக் கருத்திற்கொள்ளும்போது இங்கு ஒரு வினா எழுகின்றது. இம்மாநிலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் 19ஆம் நூற்றாண்டிலேயே குடியேறினர். ஆயினும் அவர்களிடையே கார்னிவல் வேர்கொள்ளவில்லை. அதே காலப்பகுதியில் அதே துறைமுகங்கள் வழியாக வந்த தமிழ்த் தொழிலாளர் காமன் பண்டிகையைக் கொணர்ந்தனர். அதுவோ தோட்டங்களில் நிலைபெற்றுப் பின்னர் நலிந்தது. ஒரு விழா ஓரிடத்திற்கு ஏன் வருகின்றது, மற்றொன்று ஏன் வருவதில்லை, வந்தது ஏன் நிலைப்பதில்லை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு விழாவின் பரவலை அதன் சமய மூலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மக்கள் எவ்வாறு திரட்டப்பட்டனர், எவ்வாறு குடியமர்த்தப்பட்டனர் என்பதே பெரிதும் தீர்மானிக்கின்றது என்பது நம் கருத்தாகும்.

கார்னிவல்: சொல்லும் தோற்றமும்

கார்னிவல் என்னும் சொல் இடைக்கால இலத்தீன், இத்தாலிய மொழி வழக்குகளில் ‘இறைச்சியை நீக்குதல்’ எனப் பொருள்படும் தொடரிலிருந்து பிறந்தது என்பதே பெரும்பாலான மொழியறிஞர் ஏற்கும் முடிபு. ‘இறைச்சியே, விடைபெறுக’ என்று பொருளுரைப்பது பிற்காலத்தார் இயற்றிக்கொண்ட நாட்டார் சொல்விளக்கமாகும். தவக்காலத்தில் இறைச்சியும் கொழுப்பும் விலக்கப்பட்டமையால், வீட்டில் எஞ்சியிருந்தவற்றை அதற்குமுன் உண்டு தீர்க்கும் நடைமுறைத் தேவையும் இவ்விழாவுக்கு அடிப்படையாயிற்று. சாம்பல் புதனுக்கு முந்திய செவ்வாயைப் பிரெஞ்சு மக்கள் ‘கொழுத்த செவ்வாய்’ என்று வழங்குவது இதனை விளக்கும்.

பழைய உரோமானியரின் குளிர்கால, இளவேனில் விழாக்களின் எச்சமே கார்னிவல் என்னும் கருத்து நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றது. முகமூடி, வேடம், தலைமை மாற்றம் போன்ற கூறுகள் இரண்டிலும் காணப்படுவது உண்மையே. ஆயினும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் தொடர்ச்சியைக் காட்டும் சான்றுகள் போதியவாக இல்லை. கார்னிவல் தவக்காலத்தோடு பிணைந்து இடைக்கால ஐரோப்பிய நகரங்களில் உருப்பெற்றது என்பதே உறுதியாகக் கூறத்தக்கது. உருசிய அறிஞர் மிகாயில் பக்தின் 1965இல் வெளியிட்ட தம் ஆய்வில், கார்னிவலை மேல்கீழ் நிலைகள் தற்காலிகமாகத் தலைகீழாகும் மக்கள் வெளியாக விளக்கினார். நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளில் இன்றளவும் அவ்விளக்கம் எடுத்தாளப்படுகின்றது.

கார்னிவல் பரவிய வழிகள்

கார்னிவல் ஐரோப்பாவுக்கு வெளியே பரவியதற்குக் கத்தோலிக்கப் பேரரசுகளின் குடியேற்றமே காரணம். போர்த்துகீசியர் இதனை ‘எந்த்ருடோ’ என்று வழங்கினர். ‘நுழைவு’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்த அப்பெயர், தவக்காலத்தினுள் புகுவதைக் குறித்தது. ஒருவர்மீது ஒருவர் தண்ணீர் வீசி விளையாடுவது இதன் தலையாய கூறு. 1510இல் போர்த்துகீசியர் வசமான கோவாவில் இது ‘இந்த்ரூசு’ என்ற பெயருடன் ஊன்றியது. போர்த்துகீசிய ஆட்சியின் இறுதிக் காலத்தில் அங்கு நலிந்திருந்த விழா, கோவா 1961இல் இந்தியாவுடன் இணைந்த பின்னர், 1965இல் மோமோ அரசனின் தெரு ஊர்வலமாகப் புத்துயிர் பெற்றது.

நம் நாட்டிற்கு இவ்விழா வந்ததும் இவ்வழியே. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் 1641இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி போயிற்று, ஆனால் கிறிஸ்தாங் மொழி பேசும் கலப்பினச் சமூகமும் அதன் விழாவும் எஞ்சின. 1930களில் உஜோங் பாசிரில் அமைக்கப்பட்ட போர்த்துகீசியக் குடியிருப்பில், சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறன்று ‘இந்த்ரூடு’ என்னும் தண்ணீர் விழாவினைக் கொண்டாடும் மரபு உண்டு. தவக்காலத்திற்கு முந்திய களியாட்டு மரபிற்கு மலேசியாவில் நேரடிச் சான்றாகக் காட்டத்தக்கது இதுவேயாகும்.

பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்கள் மற்றொரு வழியாயின. திரினிடாட் தீவில் 1783க்குப் பின் குடியேறிய பிரெஞ்சுத் தோட்டமுதலாளிகள் தம் மாளிகைகளில் கொண்டாடிய விழாவை, 1838இல் முழு விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் தெருவிழாவாக மாற்றினர். 1881இல் காவலர் அதனை ஒடுக்க முற்பட்டபோது பெருங்கலவரம் மூண்டது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் ‘வாவால்’ எனப்படும் கார்னிவல் அரசனின் உருவம் விழாவின் முடிவில், சாம்பல் புதனன்று எரிக்கப்படுகின்றது. மக்கள் அவனுக்காக அழுது புலம்புவது அவ்விழாவின் மரபு.

அத்தீவுகளை இங்குக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 1853, 1854ஆம் ஆண்டுகள் முதலாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக மார்த்தினிக்கிற்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்பிற்கு ஏறத்தாழ 42,000 பேரும் ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். அவர்தம் வழித்தோன்றல்களிடையே மாரியம்மன் வழிபாடு எஞ்சியது. தமிழ் பேச்சுமொழியாக நிலைக்கவில்லை. எரிக்கப்படும் அரசனுக்காக அழும் விழா அத்தீவுகளில் முன்னரே இருந்தது. கத்தோலிக்க ஆட்சியின்கீழ் வாழ்ந்த தமிழர் வழித்தோன்றல்கள் அதிலேயே கலந்துகொண்டனர். பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்த பேராக்கிலோ நிலைமை வேறாக அமைந்தது.

பேராக் தமிழ்க் கத்தோலிக்கரும் தவக்காலமும்

1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னர்ப் பேராக் பிரித்தானியரின் செல்வாக்கிற்கு உட்பட்டது. ரப்பருக்கு முன்பே கிரியான் வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களில் தமிழர் ஒப்பந்தத் தொழிலாளராக உழைத்தனர். 1880களில் பாரிசு வெளிநாட்டு மறைபோதகச் சபையைச் சேர்ந்த ரெனே ஃபே அடிகளார் பாகான் செராய்ப் பகுதியில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஒரு வேளாண் குடியிருப்பை உருவாக்கினார். சூசைப்பாளையம் என்னும் தமிழ்ப்பெயர் அதனை இன்றும் நினைவூட்டுகின்றது. பின்னர் ஈப்போவின் சிலிபின் பகுதியில் உள்ள லூர்து அன்னை ஆலயமும் தமிழ்க் கத்தோலிக்கரின் முதன்மை வழிபாட்டிடங்களுள் ஒன்றாயிற்று.

இத்துணைத் தொன்மை இருந்தும் கார்னிவல் ஏன் இங்கு வேர்கொள்ளவில்லை? நாம் மூன்று காரணங்களைக் காண்கின்றோம். முதலாவது, திருச்சபை ஆட்சிப் பிரிவு. மலாக்காவின் போர்த்துகீசியப் பங்கு 1981 வரை மக்காவ் மறைமாவட்டத்தின்கீழ் இயங்கிற்று. பேராக் தமிழ்க் கத்தோலிக்கரோ பிரெஞ்சு மறைபோதகரின் மேய்ப்பில் இருந்தனர். ஒரே நாட்டில் ஒரே சமயத்தைச் சார்ந்தும் இவ்விரு மரபுகளும் தனித்தனி நிறுவனங்களின்கீழ் வளர்ந்தன. இரண்டாவது, 19ஆம் நூற்றாண்டு மறைபோதகரின் மனப்பாங்கு. 16ஆம் நூற்றாண்டு முதலாகவே கத்தோலிக்கத் திருச்சபை, கார்னிவல் நாள்களில் மக்களைக் களியாட்டிலிருந்து விலக்கி ஆலயத்திற்கு ஈர்க்க நாற்பது மணிநேர நற்கருணை ஆராதனையைப் பரப்பிவந்தது. அவ்வொழுங்கில் பயின்ற குருக்கள் களியாட்டினைப் பரப்புவோராக இருந்திருத்தல் இயலாது. மூன்றாவது, தோட்டத்துரைமார் பெரும்பாலும் பிரித்தானியப் புரோட்டஸ்டண்டுகள். திரினிடாட்டின் பிரெஞ்சு முதலாளிகளைப்போல் தம் வீட்டில் கொண்டாடிக் காட்டும் கார்னிவல் அவர்களிடம் இல்லை.

ஆகவே தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் நோன்பின் தொடக்கமே பெயர்பெற்றது. சாம்பல் புதனை ‘விபூதிப் புதன்’ என வழங்கிய பழைய தமிழ்க் கிறித்தவ வழக்கு இங்கு எண்ணத்தக்கது. நெற்றியில் சாம்பல் பூசும் சடங்கிற்குத் தமிழர் தமக்கு அறிமுகமான சொல்லையே இட்டனர். அதற்கு முந்திய செவ்வாய்க்கு அவ்வாறு நிலைபெற்ற தமிழ்ப்பெயர் எதுவும் பொதுவழக்கில் இல்லை.

காமன் விழா: இலக்கியச் சான்றுகள்

காமனுக்கு எடுக்கும் விழா தமிழகத்தில் தொன்மையானது. கலித்தொகையில் காமவேளுக்குரிய இளவேனில் விழா பேசப்படுகின்றது. சிலப்பதிகாரத்தில் தேவந்தி, புகாரின் சோமகுண்டம் சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுமாறு கண்ணகிக்குக் கூறுகின்றாள். கண்ணகி அதனை ஏற்கவில்லை என்பதும் நாம் அறிந்ததே. ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் முதல் பதிகத்தில், தை, மாசி மாதங்களில் காமதேவனை நோக்கி நோன்பு நோற்கும் பெண்ணின் குரலைக் கேட்கின்றோம். வடமொழியில் ஏழாம் நூற்றாண்டு மன்னன் ஹர்ஷனின் பெயரால் வழங்கும் ரத்னாவளி நாடகம், நகரமக்கள் வண்ணப்பொடியும் நீரும் வீசி ஆடும் மதன விழாவுடன் தொடங்குகின்றது.

இச்சான்றுகளில் காமன் வழிபடப்படுகின்றான்; எரிக்கப்படவில்லை. சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரித்த கதை காளிதாசனின் குமாரசம்பவத்திலும், தமிழில் கந்தபுராணத்தின் காமதகனப் படலத்திலும் விரிவாகச் சொல்லப்படுகின்றது. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கை, அட்டவீரட்டத் தலங்களுள் காமனை எரித்த தலமாகப் போற்றப்படுகின்றது. ஆகவே இன்றைய காமன் பண்டிகையில் இரண்டு அடுக்குகளைக் காணலாம். ஒன்று, காதலையும் இளவேனிலையும் போற்றும் பழைய விழா. மற்றொன்று, புலனடக்கத்தின் வெற்றியைச் சொல்லும் புராணக் கதை. பிந்தியது முந்தியதனை அழிக்காமல் அதன்மேல் அமர்ந்துகொண்டது.

காமன் பண்டிகையின் அமைப்பு

மாசி அமாவாசைக்குப் பின்வரும் மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவது பரவலான வழக்கு. ஊர்ப்பொதுவிடத்தில் கரும்பு, ஆமணக்கு முதலியவற்றை ஊன்றி, வைக்கோற்புரி சுற்றுவர். வளர்பிறை நாள்களில் இரவுதோறும் காமன் கதை பாடப்படும். ரதியும் மன்மதனும் மணக்கோலம் கொள்வர். ஆடவரே ரதி வேடம் பூணுதல் மரபு. சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி தடுத்தும் அவன் கேளாது செல்கின்றான். முழுநிலவு நாளில் காமன் எரிக்கப்படுகின்றான். ரதியின் ஒப்பாரி விழாவின் உச்சமாக அமையும். இறுதியில் ரதியின் வேண்டுதலுக்கு இரங்கிய சிவன், அவள் கண்ணுக்கு மட்டும் புலனாகுமாறு மன்மதனை உயிர்ப்பிக்கின்றார். பொருள்களும் நாள்களும் ஊருக்கு ஊர் வேறுபடினும் கதைப்போக்கு இதுவே.

காமன் எரிந்தானா, எரியவில்லையா என்பதே ஒரு பெரும் வாதக்கலைக்கு வித்திட்டது. தஞ்சை வட்டாரத்தில் ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ எனப் பாடகர் இருபிரிவாக அமர்ந்து, டேப்பு, துந்தினா ஆகிய கருவிகளுடன் விடிய விடிய வாதிடும் லாவணி வளர்ந்தது. தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் வந்த கலைவடிவம், தமிழ்க் கதையையும் தமிழ்ப் புலமையையும் ஏற்றுத் தமிழ்க்கலையாயிற்று. பள்ளி சென்றறியாத மக்களும் புராணச் செய்திகளையும் தருக்கமுறையையும் கற்ற களமாக அது விளங்கியது என்பது தமிழாசிரியர் கருதத்தக்கது.

கால ஒற்றுமையும் அதன் விளக்கமும்

கார்னிவலும் காமன் பண்டிகையும் ஒரே பருவத்தில் வருவதைக் கண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனக் கூற முற்படுவோர் உளர். உருவத்தை எரித்தல், அதற்காக அழுதல், களியாட்டைத் தொடர்ந்து துறவு வருதல் ஆகிய ஒப்புமைகள் அவ்வெண்ணத்திற்கு வலுவூட்டுகின்றன. எனினும் கால ஒற்றுமையை நாள்காட்டிக் கணக்கே முழுமையாக விளக்கிவிடுகின்றது.

உயிர்ப்புப் பெருவிழா, மார்ச்சு 21ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறன்று வருவது. கார்னிவல் செவ்வாய் அதற்கு 47 நாள் முற்பட்டது. ஆகவே அச்செவ்வாய் அம்முழுநிலவுக்கு ஏறத்தாழ 40 முதல் 46 நாள் முன்னதாக அமையும். ஒரு திங்களுக்கு 29½ நாள் எனக் கழித்துப் பார்த்தால், அச்செவ்வாய் எப்போதும் ஓர் அமாவாசையை ஒட்டியே வரவேண்டும். பல ஆண்டுகளில் அது மாசி அமாவாசையாகவும், சில ஆண்டுகளில் தை அமாவாசையாகவும் இருக்கும். எடுத்துக்காட்டாக, 2026ஆம் ஆண்டில் கார்னிவல் செவ்வாய் பிப்ரவரி 17ஆம் நாள். மாசி அமாவாசையும் அன்றே. அதனையடுத்த வளர்பிறை காமனுக்குரியது. முழுநிலவு மார்ச்சு 3ஆம் நாள். 2024இல் கார்னிவல் செவ்வாய் பிப்ரவரி 13ஆம் நாள் வந்தமையால் தை அமாவாசையை ஒட்டி அமைந்தது. காமனுக்குரிய முழுநிலவோ மார்ச்சு 25ஆம் நாள் வந்தது.

இரு சமூகங்களும் ஞாயிற்றின் ஆண்டையும் திங்களின் பிறையையும் இணைத்தே தம் விழாக்களைக் கணித்தன. இரண்டும் இளவேனிலின் வருகையை நோக்கின. ஆதலின் அவை அடுத்தடுத்து வருவது இயல்பேயன்றி உறவுக்குச் சான்றன்று. ஒப்புமை வேறு, உறவு வேறு. தொடர்பினை நிறுவ வேண்டுமாயின் மக்கள் பெயர்வு, சொற்கடன், எழுத்துச் சான்று ஆகியவற்றுள் ஒன்றேனும் வேண்டும். மாணவர்க்கு இவ்வேறுபாட்டினைக் கற்பிக்க இவ்விரு விழாக்களும் நல்ல எடுத்துக்காட்டாகும்.

பேராக் தோட்டங்களுக்குக் காமன் வந்த வழி

1877இல் சர் ஹியூ லோ கோலாகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து பேராக்கின் ரப்பர் வரலாறு தொடங்குகின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான், சித்தியவான் முதலிய வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை தலைமை பெற்றது. இந்திய அரசு 1938இல் தடைவிதிக்கும் வரை அம்முறையின்கீழ் தொழிலாளர் நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்களிலிருந்து பினாங்கிற்கு வந்தனர்.

கங்காணி தன் சொந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலுமே ஆள் திரட்டினான். திருச்சி, தஞ்சை, வடார்க்காடு, தென்னார்க்காடு, சேலம் ஆகிய மாவட்டங்களே பெருமளவு ஆள் வழங்கின. இவை காமன் பண்டிகை செழித்த பகுதிகளுமாகும். ஒரே ஊரினர், உறவினர் பலர் ஒரே தோட்டத்தில் ஒரே லயத்தில் குடியேறியமையால், பாட்டு அறிந்தவர், வேடம் கட்டுபவர், பறை முழக்குபவர், முறைமை சொல்பவர் ஆகியோர் ஒருங்கே கிடைத்தனர். கூத்துக்கு ஒருவர் போதாது. ஒரு குழுவும் அதனை அறிந்த அவையும் தேவை. அத்தேவையைக் கங்காணி முறை தன்னையறியாமலேயே நிறைவு செய்தது. தொழிலாளரைக் கடனாலும் உறவாலும் பிணைத்த அதே முறைதான் அவர்தம் கலையையும் முழுமையாகக் கடல்கடத்தியது என்பது கசப்பான உண்மை.

தோட்டத்தின் தொழிற்பருவமும் துணைநின்றது. ரப்பர் மரங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும் காலத்தில் பால் குறைவாகச் சுரக்கும். பேராக்கில் அது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களை ஒட்டியது. மாசி, பங்குனி மாதங்களும் அவையே. தமிழகத்தில் அறுவடை முடிந்த ஓய்வில் கொண்டாடப்பட்ட விழா, இங்குப் பால் குறைந்த பருவத்தின் தளர்வில் இடம்பெற்றது எனலாம். விடியற்காலையில் பால்வெட்டுக்குச் செல்லும் தொழிலாளிக்கு இரவுக்கூத்து எளிதன்று. எனினும் வருவாய் குறைந்த அப்பருவத்தில் ஓரிரவு விழிப்பதால் நேரும் இழப்பும் குறைவே. விழா புதுமண்ணில் வேர்கொள்ள அம்மண்ணின் தொழிலோடு இவ்வாறு இசைதல் இன்றியமையாதது.

நலிவும் அதன் காரணங்களும்

காமன் பண்டிகை நலிந்ததற்கு மக்களின் ஆர்வக்குறைவு மட்டுமே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. சப்பானியர் ஆட்சியின்போது பெருந்தொகையான தோட்டத் தமிழர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். 1948 சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; அது 1960 வரை நீடித்தது. ஊரடங்கும் மறுகுடியமர்த்தமும் நிலவிய வட்டாரங்களில் விடிய விடிய நடக்கும் கூத்துக்கு இடமிருந்திருக்க இயலாது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனை எதிர்கொள்ளச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததை நாம் அறிவோம். பின்னர் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறின. தொழிலாளர் ஈப்போ முதலிய நகரங்களின் புறப்பகுதிகளுக்குப் பெயர்ந்தனர்.

கருத்துநிலை மாற்றத்தையும் மறத்தலாகாது. 1929 திசம்பரில் மலாயா வந்த தந்தை பெரியார் ஈப்போவிலும் உரையாற்றினார். அதன்பின் வலுப்பெற்ற சீர்திருத்த இயக்கம் கல்வி, சிக்கனம், பகுத்தறிவு ஆகியவற்றை வலியுறுத்தித் தமிழருக்குப் பெருந்தொண்டு செய்தது. அதே வேளையில் புராணக் கூத்துகள் பின்னடைவின் அடையாளமாகக் கருதப்படலாயின. மறுபுறம், கோயில்கள் ஆகம முறைக்கு மாறியபோதும் காமனுக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை. சீர்திருத்தம், ஆகமம் என்னும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்த இரு மாற்றங்களும் இவ்விழாவுக்கு ஆதரவளிக்கவில்லை.

இவை அனைத்தினும் அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. மாரியம்மனுக்குத் தோட்டத்தில் கோயில் இருந்தது. தோட்டம் கைமாறியபோது கோயிலுக்காகப் பேசவும், வழக்காடவும், மாற்றிடம் கேட்கவும் வாய்ப்பிருந்தது. தைப்பூசத்திற்குப் புந்தோங்கிலிருந்து குனோங் சீரோவின் கல்லுமலைக் கோயில்வரை ஈப்போ நகரத் தெருக்களே கிடைத்தன. காமனுக்கோ பெரும்பாலும் கோயிலில்லை. ஊன்றிய இடத்திலேயே எரிந்துபோகின்றான். அவனுக்கென இருந்தவை லயத்தின் முன்னிருந்த வெளியும் மக்களின் நினைவுமே. லயம் இடிக்கப்பட்டபோது வெளி போயிற்று. மக்கள் பலவிடங்களுக்குச் சிதறியபோது குழு கலைந்தது. இலங்கை மலையகத்தில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் இன்றும் தலையாய கூத்துகளாக நிலவுவதற்கு, அங்குத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு முறை பெருமளவு தொடர்வதே முதற்காரணம் எனலாம். மலாக்காவின் இந்த்ரூடு நிலைத்தமைக்கும், அச்சமூகத்திற்கு உஜோங் பாசிரில் தனியொரு குடியிருப்பு அமைந்ததே உதவியது. ஆட்சி மாறினும் விழா பிழைக்கலாம். வாழிடம் சிதறினால் பிழைப்பது அரிது.

தமிழாசிரியர் செய்யத்தக்கன

தோட்ட லயங்களில் பிறந்து, காமன் கூத்தினை நேரிற்கண்ட தலைமுறையினர் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்களுடன் பாட்டும் மறையுமாயின் அதனை மீட்க வழியில்லை. எழுதப்படாத கூத்திற்கு மறுபதிப்பு கிடையாது. பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல, தோட்டம் மறைந்த பின்னரும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அப்பெயர்களே களப்பணிக்குத் தொடக்கமாக அமையலாம்.

ஒவ்வொரு பள்ளியும் தன் பெயருக்குரிய தோட்டத்தின் முன்னாள் குடியினரைத் தேடிக் கீழ்க்காணும் செய்திகளைத் திரட்டலாம். காமன் எவ்விடத்தில், எந்நாளில் ஊன்றப்பட்டது? கரும்பு, ஆமணக்கு கிடைக்காதபோது எவ்வகைச் செடி பயன்பட்டது? ரதி, மன்மதன் வேடங்கள் எக்குடும்பங்களுக்கு உரியனவாயின? லாவணி வாதம் நிகழ்ந்ததா? பாட்டில் துரை, கிராணி, மண்டோர், பால்வெட்டு முதலிய தோட்டச் சொற்கள் புகுந்தனவா? கூத்து எவ்வாண்டில், எக்காரணத்தால் நின்றது? கடைசி இரு வினாக்களும் மிகவும் முதன்மையானவை. முன்னது, தாயகக் கதை இம்மண்ணில் எவ்வாறு மாறியது என்பதைக் காட்டும். பின்னது, அத்தோட்டத்தின் முடிவையே ஆண்டுடன் பதிவு செய்யும்.

பாடல்களை முழுமையாக ஒலிப்பதிவு செய்து, பேசுவோரின் வழக்கைத் திருத்தாமல் எழுத்திற்கொணர்தல் வேண்டும். இலக்கணப் பிழை எனத் தோன்றுவது பல நேரங்களில் வட்டார வழக்காக இருக்கும். ஒருவர் ஆர்க்காட்டிலிருந்து வந்தவரா, தஞ்சையிலிருந்து வந்தவரா என்பதை அச்சொல்லே காட்டிக்கொடுக்கும். குறிப்பேடுகளில் எழுதிவைத்த கூத்துப் பிரதிகள் கிடைப்பின் உரியவர் இசைவுடன் படியெடுத்துப் பல்கலைக்கழக நூலகங்களில் சேர்ப்பித்தல் நலம்.

முடிவுரை

கார்னிவலும் காமன் பண்டிகையும் ஒரே பிறைக்காலத்தை அடுத்து நிற்பினும், ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. துறவுக்கும் இன்பத்திற்கும் இடையிலான முரணை ஒரு சமூகம் எவ்வாறு கூட்டாக ஆடித் தீர்த்துக்கொள்கின்றது என்பதில் அவை ஒத்தவை. கார்னிவல் போர்த்துகீசியக் குடியேற்றத்தின் வழியே மலாக்காவிற்கு வந்து அங்கேயே நின்றது. காமன் கங்காணியின் வழியே பேராக்கிற்கு வந்து, பால்மரத்தின் பருவத்தோடு இசைந்து, லயத்தோடு மறையத் தொடங்கினான்.

காமன் கதையில் எரிந்தவன் ரதியின் கண்ணுக்கு மட்டும் புலனாகின்றான். பேராக் தோட்டங்களின் காமனும் இன்று சில முதியோரின் நினைவில் மட்டுமே காணக்கிடைக்கின்றான். அந்நினைவினைப் பொதுவுடைமையாக்கும் கடமை தமிழாய்வாளருக்கும் தமிழாசிரியருக்கும் உரியது. அதற்குரிய காலமும் குறுகியதே.